வளையம் இல்லாத ரோலர் கோஸ்டர்

இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று உங்கள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார், வந்தேன். கேன்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் நீங்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. எந்த நாட்டு ரோலர் கோஸ்டர் பெரியது, எதில் எத்தனை வளையம், எது எத்தனை தடவை தலைகீழாகப் புரட்டும் என்று ஒரே வாக்குவாதம். நடத்துங்கள். ஆனால் ஒருவராவது, இறங்கி வந்த ஆட்களின் முகம் எப்படி இருந்தது என்று பேசினீர்களா? பேச மாட்டீர்கள். நானும் என் காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இன்றைக்கும் நீங்கள் கேட்கப் போவதில்லை. கூப்பிட்ட மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது எழுபதுகளில். ஊர் ஊராகப் போகும் ஃபன்ஃபேர் ஒன்று கிள்ளான் திடலில் வந்து இறங்கும். அதில் 'எலி' என்று நாங்கள் கூப்பிட்ட சின்ன ரோலர் கோஸ்டர் ஒன்று இருந்தது. இரண்டு பேர் உட்காரும் குட்டிப் பெட்டி, அவ்வளவுதான். உயரமும் கிடையாது, வேகமும் கிடையாது. ஆனால் திருப்பத்துக்கு வரும்போது பெட்டியின் மூக்கு தண்டவாளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொள்ளும். அய்யோ விழுந்தோம் என்று நினைக்கும் நேரத்தில் சட்டென்று திரும்பும். பெரியவர்கள்கூடச் சிரித்துக்கொண்டேதான் இறங்குவார்கள். இருந்தும் ராட்டினத்துக்குத்தான் வரிசை, பேய் வீட்டுக்குத்தான் வரிசை. எலியை எட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைங்க சாமான் என்று போய்விடுவார்கள்.

அங்கே தலைமை மெக்கானிக்காக இருந்தவர் ஒரு முசுடு. பெயர் சொல்ல வேண்டாம், சொன்னாலும் உங்களில் யாருக்கும் தெரியாது. நான் டிக்கெட் வாங்குபவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு நாள் சொன்னார்: "ஏறுறவன் மூஞ்சியப் பாக்காதடா. அதுல வெளம்பரம்தான் இருக்கும். எறங்குறவன் மூஞ்சியப் பாரு." என் வேலைக்கு உருப்படியாகக் கிடைத்த சொல் அது ஒன்றுதான். எலி துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனது. அவரும் ஆஸ்துமா வந்து வேலையை விட்டார். இரண்டையும் பற்றி யாரும் பத்திரிகையில் எழுதவில்லை.

எண்பதுகளில் கிள்ளானிலிருந்து காப்பார் போகும் பக்கம், செம்பனை மரங்களை அழித்து ஒரு பொழுதுபோக்குப் பூங்கா கட்டினார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் கிடங்குகள் நிற்கின்றன, போய்த் தேடாதீர்கள். அங்கே என்னை ரோலர் கோஸ்டருக்குப் பொறுப்பாக வைத்தார்கள். வெளிநாட்டில் மூடிப்போன ஒரு பூங்காவிலிருந்து கழற்றிக் கப்பலில் கொண்டுவந்த பழைய சாமான் அது. தண்டவாளத்துக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். கம்பெனி அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் வைத்தது. எங்களுக்கு அது பச்சை.

பச்சையில் வளையம் கிடையாது. அதுதான் அது செய்த பாவம். விளம்பரப் பலகையில் படம் போட்டால் மூன்று மேடும் இரண்டு பள்ளமும் ஒரு திருப்பமும்தான் தெரியும். பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். முதல் இறக்கம் சும்மா, உங்களை ஏமாற்றுவதற்கு. அதற்குப் பிறகு தண்டவாளம் தாழ்வாக ஓடிச் செம்பனைக்குள் நுழையும். கம்பெனி அந்த மூலையில் மரங்களை வெட்டாமல் விட்டிருந்தது. இலைகளுக்கு நடுவில் நிழலும் வெயிலுமாக மாறி மாறி முகத்தில் அடிக்க, இரண்டாவது மேட்டைத் தாண்டி, கடைசியாக மூன்றாவது மேட்டில் ஏறும். உச்சிக்குப் போகும்வரை முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. உச்சியில் ஒரு கணம் கடலும் மின்நிலையத்தின் புகைபோக்கியும் தெரியும். பார்த்து முடிப்பதற்குள் கீழே தரை போய்விடும். நீங்கள் இருக்கையை விட்டு மிதப்பீர்கள். குலுக்கல் இல்லை, இடி இல்லை. எவன் அதை வரைந்தானோ, அவன் மனிதர்கள் மேல் பிரியம் உள்ளவன்.

அதில் ஏறி இறங்கியவர்கள் கத்திக்கொண்டு இறங்கவில்லை. பேசாமல் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு ஏறிய புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதைப்போல ஒன்று அப்போது கிடையாது, இப்போதும் கிடையாது. யாராவது சண்டைக்கு வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

பச்சைக்கு ஒரு வழக்கம் உண்டு. மழை பெய்து தண்டவாளம் நனைந்திருந்தாலோ, ஆள் குறைவாக இருந்தாலோ, இரண்டாவது மேட்டில் ஏற அது முக்கும். ரோலர் கோஸ்டருக்கு எஞ்சின் இல்லை என்பது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சங்கிலி முதல் மேட்டுக்கு இழுத்து விட்டதும் அதன் வேலை முடிந்தது. மிச்சத் தூரத்தை உள்ளே இருக்கும் பாரம்தான் ஓட்ட வேண்டும். வெளிநாட்டில் இதற்கு மணல் மூட்டை வைப்பார்களாம். எங்களிடம் முனியம்மா அக்கா இருந்தார்.

அக்கா டிக்கெட் கவுன்டரில் இருந்தவர். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, புருஷன் செத்தபிறகு கிள்ளானுக்கு வந்தவர். நல்ல ஆகிருதி. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. ஆள் குறைந்த நாளில் நான் மேடையில் இருந்து, "அக்கா, பாரம்!" என்று குரல் கொடுப்பேன். உடனே கவுன்டரைப் பூட்டிவிட்டுப் புடவையைச் சொருகிக்கொண்டு வருவார். கடைசிக்கு முந்தின பெட்டியில் உட்காருவார். பச்சை மேட்டைத் தாண்டிவிடும். புதிதாக வந்த ஆட்கள் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். எத்தனையோ வருடம் அப்படி ஏறியவர், ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் கேட்டேன், எப்படி அக்கா சலிக்காமல் ஏறுகிறீர்கள் என்று. அவர் சொன்னார்: "கடைசி மேட்டுல தூக்குது பாரு தம்பி, அந்த எடத்துல மட்டும் எனக்கு ஒடம்பே இல்ல. அதுக்காக எத்தன தடவ வேணும்னாலும் ஏறலாம் லா."

அப்புறம் தொண்ணூறுகள் வந்தன. எல்லா இடத்திலும் வளையம். பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்கியதும் முதல் கேள்வியே, லூப் இருக்கா அங்கிள் என்றுதான். இல்லை என்றால் முகம் தொங்கிப் போகும். எங்கள் மேனேஜர் ஒரு நாள் எங்களைக் கூட்டிச் சொன்னார். தலைமை அலுவலகம் பச்சையை எடுத்துவிட்டு வளையம் வைத்த ஒன்றைக் கொண்டுவர நினைக்கிறது. வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை வரைக்கும்தான் தவணை. அதற்குள் கூட்டம் சேர்ந்தால் பச்சை நிலைக்கும், இல்லாவிட்டால் இரும்புக்குப் போகும். புதியதை ஓட்டுவதற்கு அதைச் செய்த கம்பெனியே பழக்கிய ஆட்கள் வருவார்களாம். எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. அக்காவுக்கு நிச்சயமாக இருக்காது, ஏனென்றால் டிக்கெட் விற்கவும் இயந்திரம் வரப்போகிறது.

மேனேஜரைத் தப்பாக நினைக்காதீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவர். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். வாரம் ஒரு தடவையாவது கழுத்துப் பட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பச்சையில் ஏறிவிட்டுப் போவார். அதைக் காப்பாற்ற மேலிடத்தில் எவ்வளவோ மன்றாடினார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். வானொலியில் சொல்ல வைத்தார். பொங்கலுக்குத் தோரணம் கட்டிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்றார். வந்தவர்கள் கரும்பை வாங்கிக்கொண்டு ராட்டினத்துக்குப் போனார்கள்.

தைப்பூசம் வந்தது. அக்கா பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தார். பச்சை பிழைக்க வேண்டும் என்றுதான் வேண்டுதல், வேறு எதற்கும் இல்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மறுநாள் சனிக்கிழமை வேலைக்கு வர முடியவில்லை.

அன்றைக்குக் காலையில் மழை. ஒரு டியூஷன் வகுப்புப் பிள்ளைகள் வாத்தியாரோடு வந்திருந்தார்கள். நான் பட்டறையில் வேறொரு சாமானுக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தேன். மேடையில் இருந்தவர் மாற்றாள். அவர் தலையை எண்ணினார், பெட்டி நிறைந்திருந்தது, பொத்தானை அழுத்தினார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் என்பதை அவர் யோசிக்கவில்லை. வாத்தியாரும் ஈர்க்குச்சி போல் இருந்தார்.

பட்டறையில் இருந்த எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சங்கிலிச் சத்தம் நின்றது, இறங்கும் இரைச்சல் வந்தது, மேடேறும் முனகல் வந்தது. பிறகு சக்கரங்கள் பின்னால் உருளும் சத்தம். அதுவரைக்கும் நான் அதைக் கேட்டதே இல்லை. போட்டது போட்டபடி ஓடினேன்.

பச்சை இரண்டாவது மேட்டில் பாதி ஏறி, முடியாமல் திரும்பி, பள்ளத்தில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. அதனால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, ஆடி ஆடி அதுவாக நின்றுவிடும். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியுமா? பின்பெட்டிகளில் ஒரே அழுகை, "சார், சார்" என்று. ஒன்றிரண்டு பேர் எழுந்து நிற்கப் பார்த்தார்கள். முன்பெட்டியில் இருந்த வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை. மெலிந்த ஆள், தொடைமேல் விழும் தடுப்புத் தண்டிலிருந்து உடம்பை உருவிக்கொண்டு ஒரு காலை வெளியே போட்டுவிட்டார். பின்னால் போய்ப் பிள்ளைகளைத் தேற்றப் போகிறாராம். கீழே இரண்டு ஆள் உயரம், வண்டி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. மேடையில் இருந்த மாற்றாள் மைக்கில், உட்காருங்கள், உட்காருங்கள் என்று அலறுகிறார். அவர் அலற அலறப் பிள்ளைகள் இன்னும் பயந்து எழுந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சக்கரமும் சங்கிலியும் புத்தகத்தில் இருக்கும், இது இருக்காது. பயந்தவனிடம் பயப்படாதே என்று சொல்லிப் பலன் இல்லை. அவனுக்குத் தினமும் பழகின ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். நான் மைக்கை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தண்டவாளத்துக்குக் கீழே போய் நின்றேன். மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டு, கடையில் விலை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டேன்: "சார், பிள்ளைங்க எல்லாரும் இருக்காங்களா? ஒரு தடவ பேர் கூப்பிட்டுப் பாத்துடுங்களேன்."

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். வண்டியில் இருந்த பிள்ளைகள் எங்கே போயிருப்பார்கள்? ஆனால் வாத்தியார் வாத்தியார்தான். வெளியே போட்ட கால் உள்ளே போனது. உட்கார்ந்தார். கழுத்தைத் திருப்பி முதல் பெயரைக் கூப்பிட்டார். பின்னாலிருந்து விக்கலோடு, "உள்ளேன் ஐயா" என்று வந்தது. அடுத்த பெயர், அடுத்த "உள்ளேன் ஐயா". எழுந்து நின்றவர்கள், தங்கள் பெயர் வரும் என்று உட்கார்ந்தார்கள். கடைசிப் பெயர் வரும்போது வண்டி ஆட்டம் நின்றிருந்தது. அவர் நிறுத்தவில்லை, திரும்ப முதலிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். நாங்கள் ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் இறங்கியபிறகு நான் செம்பனை மரத்தடியில் போய் வாந்தி எடுத்தேன்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இயந்திரத்தில் குறை இல்லை, பாரம் போதவில்லை, ஈரத்தில் கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திறந்துகொள்ளச் சொன்னார்கள். ஆனால் அதற்குள் யாரோ படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். பள்ளத்தில் தொங்கிய பிள்ளைகள் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதோடு பச்சையின் கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரிசை கார் நிறுத்துமிடம் வரைக்கும் போனது.

நான் முட்டாள், முதலில் சந்தோஷப்பட்டேன். கடைசியில் உலகத்துக்குக் கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன். அக்கா முருகனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதில் விழுந்தது. "ஆன்டி, இன்னிக்கு நிக்குமா?" "எந்தப் பெட்டில உக்காந்தா நல்லாத் தொங்கலாம், அக்கா?" அடப் பாவிகளா. இத்தனை வருடம் ஒருத்தருக்கும் நகம்கூடப் பெயராமல் ஓடியது, அப்போதெல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் தடுமாறியது, ஊரே வந்துவிட்டது. இருந்தாலும் ஏறட்டும், ஏறினால் அந்தக் கடைசி மேடு அவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சில பேரைப் பிடித்துக்கொள்ளவும் செய்தது. அந்தச் சில பேரை வைத்து என்ன செய்வது? பச்சை நடுவழியில் நிற்பதில்லை என்ற பேச்சு பரவப் பரவ வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது. வருடத்தின் நடுப்பகுதியில் பழைய நிலைமைக்கு வந்துவிட்டோம்.

ஒரு நாள் மதியம் மேனேஜர் மேடைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் உம்மைப் பிழையா ஒண்டும் செய்யச் சொல்லேல்லை. மழை நாளில, ஆள் குறைவா இருக்கேக்க, முனியம்மாவைக் கூப்பிடாம விடும். அது தன்ரபாட்டில நிக்கும். ஒருக்கால் நிண்டால் காணும், விடுமுறை முடியுமட்டும் சனம் வரும். இதைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியேல்லை."

நான் சொன்னேன், "சார், வண்டி நின்னா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள இருக்கறவங்க என்ன செய்வாங்கனு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அந்த வாத்தியார் கால எடுத்து உள்ள வெச்சாரு. அடுத்த ஆளு வெக்கணுமே." அவர் யோசித்துச் சொல்லும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேனேஜரிடம் முடியாது என்று சொல்வது சுலபம், அவர் வெறும் மேலதிகாரி. அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டம். சாயங்காலம் கவுன்டரை மூடும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர் கெஞ்சவில்லை, அழவில்லை. வழக்கமாகப் பேசுவது போலத்தான் பேசினார்.

"வேற எங்க போனாலும் என் ஒடம்பப் பாத்துட்டு வேணாம்னுதான் சொல்லுவாங்க தம்பி. கிள்ளான்ல எத்தன ஃபேக்டரி ஏறி எறங்கினேன் தெரியுமா? இங்க மட்டும்தான் இந்த ஒடம்புக்கு ஒரு வேல இருக்கு. நான் உன்ன எதையும் ஒடைக்கச் சொல்லல. என்னக் கூப்பிடாத. அவ்வளவுதான். ஒரே ஒரு தடவ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் வேலை போனால் யாரும் அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளப் போவதில்லை. பச்சை போனால் எனக்கும்தான் உயிர் போகும். நல்லதாக ஒரே ஒரு சாமான் வாழ்நாளில் கையில் கிடைத்தது, அதைக் காப்பாற்ற நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா இருந்தால் போதும். அதைவிடச் சுலபமான வேலையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மோட்டார் சைக்கிளில் காப்பாரில் இருந்த என் வீட்டுக்குத் திரும்பும்போது வழி முழுக்க அந்த வாத்தியாரின் கால்தான் கண்ணில் நின்றது.

இரண்டொரு நாளில் மழை வந்தது. காலை நேரம், தண்டவாளம் முழுக்க ஈரம். ஏறியவர்கள் கொஞ்சம் பேர். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், இரண்டு காதல் ஜோடிகள், தனியாக வந்த ஒரு சீனத் தாத்தா. மேனேஜர் வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார், வேறு வேலை இல்லாதவர் போல. அக்கா கவுன்டர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறிய ஆட்கள், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தாத்தா தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கை பொத்தான் மேல் இருந்தது.

"அக்கா, பாரம்!" என்றேன்.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்திருக்காவிட்டால் எல்லாரையும் இறக்கிவிட்டு மேடை வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பேன், அது அவருக்கும் தெரியும். கவுன்டரைப் பூட்டிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிக்கு முந்தின பெட்டியில் உட்கார்ந்து, தண்டை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். பச்சை இரண்டாவது மேட்டில் முக்கியது, தாண்டியது. மேனேஜர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அக்காவும் எடுக்கவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் வந்து ஏறினார், இறங்கினார், என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

நீங்கள் இப்போது, அண்ணன் சரியானதைச் செய்தார், அதற்கு ஒரு நல்ல பலன் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. பச்சையை விடுமுறை முடியும்போது மூடுவது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். நான் செய்ததுபோல நீங்கள் செய்தால் உங்களுக்கும் எனக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும். இதைச் சொல்லாமல் மறைத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு போக எனக்குத் தெரியாது. நம் வேலையில் நன்றாகச் செய்தது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததற்கு யார் வரிசையில் நிற்பார்கள்? உங்கள் பூங்காவிலேயே சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன ரோலர் கோஸ்டர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, வரும்போது பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. உங்களில் எத்தனை பேர் அதில் ஏறியிருக்கிறீர்கள்? பார்த்தீர்களா, கையைக் காணோம். பழைய ரோலர் கோஸ்டர்களில் எத்தனை நல்ல சாமான்கள் இப்படி யாரும் ஏறாமலே செத்துப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

பச்சையின் கடைசி நாள் என்று வாசலில் எழுதிப் போட்டதும் கூட்டம் வந்தது. பழையபடி கார் நிறுத்துமிடம் வரைக்கும் வரிசை. கடைசி நாளிலாவது நிற்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பாரத்துக்கு ஆள் தேவையே இல்லை, அவ்வளவு நெருக்கம். நான்தான் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்து அக்காவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை பாரம் என்று சொல்லவில்லை, வாங்கக்கா என்றேன். வந்தார். ரொம்ப மிதக்கும் கடைசிப் பெட்டியில் உட்கார வைத்தேன்.

பச்சை போய் வந்தது. மேடு மேடாகத் தாண்டி, செம்பனைக்குள் புகுந்து, கடைசி உச்சியில் எல்லாரையும் தூக்கிப் போட்டுப் பிடித்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மேடையில் வந்து நின்றது. அதைவிட நன்றாக அது ஓடி நான் பார்த்ததில்லை. நான் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக உடுத்திய ஒரு இளைஞன், காதலியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"என்ன அங்கிள், ஒண்ணுமே ஆகலையே. இதுக்கா இவ்வளவு நேரம் நின்னோம்?"

பின்னால் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒருத்தர் யோசனை சொன்னார். அக்கா அவர்களுக்குப் பின்னால்தான் இறங்கிக்கொண்டிருந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பல மாதம் கழித்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்துக்க தம்பி. இவங்களுக்காகத்தான் நீ என்னக் கூப்பிட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சும்மாதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கவுன்டர் பக்கமாக நடந்து போய்விட்டார். வரிசையில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்களை ஏற்றினேன். எல்லாரும் தண்டைப் பூட்டிக்கொண்டார்களா என்று ஒவ்வொரு பெட்டியாகப் போய் இழுத்துப் பார்த்தேன்.